அடியில் ஓடிய காற்று

1978-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் ஒன்றுதான்: ஃபோர்டு காஸ்வொர்த் டிஎஃப்வி. கீத் டக்வொர்த் வடிவமைத்த 3 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின் அது. 1967-இல் நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட் களத்தில் அறிமுகமாகி, அறிமுகப் பந்தயத்திலேயே ஜெயித்தது. பதினோரு வருடம் கழித்தும் அதற்கு மவுசு குறையவில்லை. பணம் கட்டினால் யாரும் வாங்கிக் காரில் பூட்டிக்கொள்ளலாம். மெக்லாரன், டிரெல், வில்லியம்ஸ், ஷேடோ, ஆரோஸ், லோட்டஸ் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். திறன் ஏறத்தாழ 480 குதிரைத்திறன். டயரும் பெரும்பாலோருக்கு குட்இயர்தான்.

எஞ்சின் ஒன்று, டயர் ஒன்று, ஓடும் பாதையும் ஒன்று. அப்படியிருந்தும் அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 8-ஐ லோட்டஸ் என்ற ஒரே அணி வென்றது. அவற்றில் நான்கில் முதலிடம், இரண்டாமிடம் இரண்டுமே அதற்குத்தான். அதே எஞ்சினை வைத்திருந்த மற்ற எல்லா அணிகளும் சேர்ந்து வென்றது ஒன்றே ஒன்று: மொனாக்கோவில் டிரெல் காரை ஓட்டிய பாத்ரிக் தெபாயே வென்ற பந்தயம்.

ஆய்வுக்கூடத்தில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொண்டு, அந்த ஒன்று என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். 1978 பருவம் ஏறக்குறைய அப்படி ஒரு சோதனை. யாரும் திட்டமிடாமல், நான்கு கண்டங்களில், லட்சக்கணக்கானோர் முன்னிலையில் நடந்தது. மாறிய அந்த ஒன்று, காரின் அடிப்பாகத்துக்கும் சாலைக்கும் இடையே ஓடிய காற்று.

நிறையில்லாத எடை

பந்தயக் கார் நேர்ப்பாதையில் மணிக்கு 280 கிலோமீட்டரில் பறப்பதைப் பார்த்துத்தான் நாம் வாய் பிளக்கிறோம். ஆனால் பந்தயம் தீர்மானமாவது பெரும்பாலும் வளைவுகளில். வளைவை வேகமாகக் கடப்பவர் அடுத்த நேர்ப்பாதைக்குள் நுழையும்போதே முந்தியிருப்பார்.

வளைவில் காரைத் திருப்பும் விசை சாலையிலிருந்து வருகிறது. டயர் சாலையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. உராய்வின் மூலம் சாலை டயரைத் திருப்பித் தள்ளுகிறது. இந்த உராய்வுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. டயர் தரையில் எவ்வளவு விசையோடு அழுத்தப்படுகிறதோ, அதை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் கிடைப்பது அந்த வரம்பு. அதைத் தாண்டினால் கார் வழுக்கி வெளியே போகும்.

அழுத்தம் கூடினால் பிடி கூடும் என்றால், காரில் நாலு மூட்டை இரும்பை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். பலன் இருக்காது. நிறை இரண்டு மடங்கானால் பிடியும் இரண்டு மடங்காகும். ஆனால் அந்த நிறையை வளைவில் திருப்பத் தேவைப்படும் விசையும் இரண்டு மடங்காகிவிடும். வளைவில் போகக்கூடிய உச்ச வேகம் இருந்த இடத்திலேயே நிற்கும். போதாததற்கு, வேகமெடுக்கவும் பிரேக் பிடிக்கவும் அந்த இரும்பு இடைஞ்சல்.

ஆக வேண்டியது ஒரு விநோதமான பொருள்: டயரைத் தரையோடு அழுத்த வேண்டும், ஆனால் காரின் நிறையோடு சேரக்கூடாது. நிறையில்லாத எடை. அதைத் தரக்கூடியது காற்று மட்டுமே.

இதை முதலில் இறக்கையால் செய்தார்கள். விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தால், மேலே தூக்கும் விசை கீழே அழுத்தும் விசையாகிவிடும். 1968-இல் ஃபார்முலா ஒன் கார்களின் மேல் இறக்கைகள் முளைத்தன. சில கார்களில் அவை மெல்லிய கால்களின் மீது ஆளுயரத்துக்கு நின்றன. 1969-இல் ஸ்பெயினின் மோன்ஜுயிக் களத்தில் லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும் இறக்கைகள் முறிந்து இரண்டுமே நொறுங்கின. அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர்ந்த இறக்கைகள் தடைசெய்யப்பட்டன. அசையக்கூடிய காற்றியக்க உறுப்பு எதுவும் காரில் இருக்கக்கூடாது என்ற விதியும் வலுப்பெற்றது. இந்த விதியை நினைவில் வையுங்கள். ஒன்பது வருடம் கழித்து ஸ்வீடனில் ஒருவர் இதில் ஓட்டை கண்டுபிடிப்பார்.

பிறகு வந்த தாழ்வான இறக்கைகளிலும் ஒரு குறை இருந்தது. இறக்கை எவ்வளவுக்கு அழுத்துகிறதோ அவ்வளவுக்குக் காற்றையும் எதிர்த்து நிற்கும். வளைவில் சம்பாதித்ததை நேர்ப்பாதையில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பெர்னூலியின் பேரேடு

டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில், ஓடும் திரவத்தின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை விளக்கினார். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். பின்னர் இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவானி பத்திஸ்தா வெந்தூரி, நடுவில் குறுகி மறுபடி விரியும் குழாயில் இது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தார். அவர் பெயராலேயே அந்த வகைக் குழாய் வெந்தூரிக் குழாய் எனப்படுகிறது.

வேகமாக ஓடினால் அழுத்தம் ஏன் குறைய வேண்டும்? பல பாடப்புத்தகங்கள் சூத்திரத்தைத் தந்துவிட்டுக் கழன்றுகொள்கின்றன. காரணம் எளியது. அகன்ற வாய்க்கால் மதகில் குறுகும்போது தண்ணீர் வேகமெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வந்த நீரெல்லாம் அந்தக் குறுகலான வழியாகவே போயாக வேண்டும், ஆகவே வேகம் கூடியே தீரும். இனி நியூட்டனைக் கேளுங்கள். எதுவும் சும்மா வேகமெடுக்காது. பின்னாலிருந்து ஏதாவது தள்ள வேண்டும். குழாயின் குறுகலுக்குள் நுழையும் ஒரு சிறு காற்றுத் துணுக்கை எடுத்துக்கொண்டால், அது முன்னோக்கி முடுக்கப்படுகிறது. அப்படியானால் அதன் முதுகில் இருக்கும் அழுத்தம், முகத்தில் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். குறுகலில் அழுத்தம் குறைவு என்பதன் பொருள் இவ்வளவுதான்.

இப்போது காரின் அடிப்பாகத்தைக் கற்பனை செய்யுங்கள். முன்னால் சற்று உயரமாகத் தொடங்கி, நடுவில் சாலையை ஒட்டித் தாழ்ந்து, பின்னால் படிப்படியாக மேலேறுகிறது. மேற்கூரை கார்; தரை சாலை. இரண்டும் சேர்ந்து ஒரு வெந்தூரிக் குழாய். நடுக்குறுகலில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் விழும். காரின் மேற்புறத்தில் வழக்கமான வளிமண்டல அழுத்தம் அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம் காரைச் சாலையோடு சேர்த்து அழுத்தும்.

எவ்வளவு அழுத்தும் என்று தோராயமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். காரின் வேகம் வினாடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு 252 கிலோமீட்டர். காற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1.2 கிலோ. அடியில் ஓடும் காற்று வெளியே உள்ளதைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்னூலியின் சூத்திரப்படி அழுத்தம் ஏறத்தாழ 3,675 பாஸ்கல் குறையும். வளிமண்டல அழுத்தத்தில் இது நான்கு சதவீதம்கூட இல்லை. ஆனால் காரின் அடியில் இரண்டு சதுரமீட்டர் பரப்பில் இது செயல்பட்டால் கிடைக்கும் விசை 7,350 நியூட்டன். சுமார் 750 கிலோ எடை. அன்றைய விதிப்படி ஃபார்முலா ஒன் காரின் குறைந்தபட்ச எடை 575 கிலோ. அதாவது இன்னொரு முழுக்காரையே ஏற்றி உட்கார வைத்த அழுத்தம், ஒரு கிராம் நிறைகூடக் கூடாமல்.

இந்த எண்களை வைத்தே வளைவில் என்ன நடக்கும் என்றும் பார்த்துவிடலாம். ஓட்டுநர், எரிபொருள் எல்லாம் சேர்ந்து 700 கிலோ, டயரின் உராய்வுக் கெழு 1.2 என்று கொள்வோம். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் காற்றின் உதவியில்லாத கார் மணிக்கு 123 கிலோமீட்டர் வரை போகலாம். அடிக்காற்றின் உதவியோடு 143. பரவாயில்லை, இருபது கிலோமீட்டர் லாபம். வளைவின் ஆரம் 200 மீட்டரானால்? உதவியில்லாமல் 175, உதவியோடு 250! எழுபத்தைந்து கிலோமீட்டர் லாபம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், வேகம் பிடியைத் தருகிறது. அந்தப் பிடி இன்னும் வேகத்தை அனுமதிக்கிறது. நிஜ டயரில் அழுத்தம் கூடும்போது உராய்வுக் கெழு கொஞ்சம் குறையும் என்பதால் லாபம் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் கதையின் போக்கு இதுதான். மெதுவான வளைவில் வித்தியாசம் சொற்பம். வேகமான வளைவில் எதிராளி கண்ணுக்கு எட்டாமல் போய்விடுவார்.

தொய்ந்துபோன மாதிரி

விதி 240 வருடம் பழையது. அதைக் காரில் கட்டியவர்கள் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருந்தார்கள். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் தன் ஆய்வுக் குழுவை பந்தயக் குழுவிடமிருந்து பிரித்து, கெட்டரிங்ஹாம் ஹால் என்ற பழைய மாளிகையில் உட்கார வைத்திருந்தார். டோனி ரட் தலைமை. காற்றியக்கம் பீட்டர் ரைட்டின் பொறுப்பு. இருவரும் 1960-களின் இறுதியில் பிஆர்எம் அணியில் இருந்தபோதே காரின் பக்கங்களை இறக்கை வடிவில் அமைக்கும் யோசனையைத் தொட்டு, முடிக்காமல் விட்டவர்கள்.

1970-களின் நடுவில் ரைட், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் காரின் சிறு மாதிரி ஒன்றை வைத்துச் சோதித்தார். அந்தச் சுரங்கத்தின் தரை நகரும் பட்டையால் ஆனது. அது ஆடம்பரம் இல்லை, அவசியம். நிஜத்தில் கார் நகர்கிறது. காற்றும் சாலையும் சும்மா இருக்கின்றன. சுரங்கத்தில் கார் நிற்க, காற்று ஓடுகிறது. அப்போது தரை மட்டும் அசையாமல் இருந்தால் தரையை ஒட்டிய காற்று தயங்கி மந்தமாகிவிடும். காருக்கும் தரைக்கும் இடையே சில சென்டிமீட்டரே இருக்கையில், அந்த மந்தக் காற்று வழியையே அடைத்து, அளவீடுகளைப் பொய்யாக்கிவிடும். தரையும் காற்றின் வேகத்திலேயே ஓடினால்தான் சாலையில் நடப்பது சுரங்கத்திலும் நடக்கும்.

சோதனையில் அளவீடுகள் நிலையாக வரவில்லை. ஒருமுறை வந்த எண் மறுமுறை வரவில்லை. கூர்ந்து பார்த்தபோது, காற்றின் வேகம் கூடக்கூட மாதிரியின் பக்கப்பெட்டிகள் தரையை நோக்கித் தொய்வது தெரிந்தது. ஏதோ ஒன்று அவற்றைக் கீழே இழுத்தது. இழுக்க இழுக்க இடைவெளி குறைந்தது. குறையக் குறைய விசை இன்னும் கூடியது. பெட்டிகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, பக்கவாட்டு இடைவெளியை அட்டையால் அடைத்துப் பார்த்தார்கள். கீழ்நோக்கு விசை எதிர்பாராத அளவுக்கு எகிறியது.

அட்டை செய்த வேலை இதுதான். காரின் அடியில் அழுத்தம் குறைந்தால், வெளியே உள்ள காற்று பக்கவாட்டிலிருந்து உள்ளே பாயும். பாய்ந்தால் அழுத்த வித்தியாசம் கரைந்துவிடும். பக்கங்களை அடைத்தால்தான் குழாய் குழாயாக இருக்கும். பந்தயக்காரில் இந்த அட்டையின் வேலையைச் செய்ய வந்தது, காரின் இரு பக்கமும் சாலையைத் தொட்டுத் தொங்கும் ஸ்கர்ட். ஆரம்பத்தில் தூரிகை மயிர்க்கற்றை, பிறகு பிளாஸ்டிக், கடைசியில் மேலும் கீழும் வழுக்கி நகரும் தகடு. சாலை மேடுபள்ளமானாலும் தகடு தரையைத் தொட்டுக்கொண்டே வரும். தேயாமலிருக்க அதன் விளிம்பில் பீங்கான் வகைப் பொருளைப் பதித்தார்கள்.

இதெல்லாம் சேர்ந்து 1977-இல் லோட்டஸ் 78 ஆக வந்தது. ஐந்து பந்தயம் வென்றது. ஆனால் எஞ்சின் அடிக்கடி கைவிட்டதால் பட்டம் நழுவியது. காரிலும் ஒரு கோளாறு இருந்தது. அழுத்தம் மிகக் குறையும் இடம் வெகுவாக முன்னால் அமைந்துவிட்டதால், பின்சக்கரங்களுக்கு அழுத்தம் போதவில்லை. ஈடுசெய்யப் பின்னால் பெரிய இறக்கை வைத்தார்கள். அது நேர்ப்பாதையில் காரைப் பிடித்து இழுத்தது.

கருப்பும் தங்கமும்

லோட்டஸ் 79 அந்தப் பிழையைத் திருத்தியது. எரிபொருளை மூன்று தொட்டிகளுக்குப் பதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரே தொட்டியில் வைத்தார்கள். கார் ஒல்லியானது, இரு பக்கமும் காற்றுக்கு இடம் கிடைத்தது. பின்சக்கரச் சுருள்வில்லை உள்ளே நகர்த்தினார்கள். புகைக்குழாயை மேலே வளைத்துவிட்டார்கள். காற்று வெளியேறும் வழியில் எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது என்பதே நோக்கம். பின்புற விரிவும் இதமாக மேலேறியது. செங்குத்தாக மேலேறினால் காற்று பரப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு சுழலாகிவிடும்; பிறகு குறுகலில் உறிஞ்சும் வேகம் போய்விடும்.

இங்கே டிஎஃப்வி எஞ்சின் எதிர்பாராமல் கைகொடுத்தது. அதன் சிலிண்டர்கள் ஆங்கில வி எழுத்துப் போல மேல்நோக்கி விரிபவை, அடிப்பாகம் ஒல்லி. எஞ்சினுக்கு இருபுறமும் குழாய் ஓட இடமிருந்தது. ஃபெராரியிடமும், பிராபம் அணி வாங்கிய ஆல்ஃபா ரோமியோவிடமும் இருந்தவை பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கள், டிஎஃப்வியைவிட வலுவானவை. அவற்றின் சிலிண்டர்கள் இருபுறமும் தரைக்கு இணையாகப் படுத்திருந்தன. எடை தாழ்வாக இருக்கும் என்பதற்காகப் பெருமையோடு செய்த ஏற்பாடு அது. இப்போது காற்று போக வேண்டிய இடத்தில் சிலிண்டர்கள் படுத்துக் கிடந்தன. ஒரு காலத்தின் சாதகம், கேள்வி மாறியதும் பாதகமாகிவிட்டது.

பருவம் தொடங்கியபோது 79 தயாராகவில்லை. ஜனவரியில் அர்ஜென்டினாவில் மரியோ ஆன்ட்ரெட்டி பழைய 78-ஐ வைத்தே வென்றார். பிரேசிலில் கார்லோஸ் ராய்ட்டமான் ஃபெராரியில் வென்றது மிஷலின் ரேடியல் டயரின் முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. தென்னாப்பிரிக்காவின் கியாலாமியில் லோட்டஸின் ஸ்வீடன்காரர் ரானி பீட்டர்ஸன் கடைசிச் சுற்றில் தெபாயேயைத் தாண்டினார். லாங் பீச்சில் மறுபடி ராய்ட்டமான். மே மாத மொனாக்கோ வரை யார் கையும் ஓங்கவில்லை.

மே 21, பெல்ஜியத்தின் ஸோல்டர். ஆன்ட்ரெட்டி கையில் 79, பீட்டர்ஸன் கையில் 78. முதலாவதாக வந்தது 79, இரண்டாவது 78. இரண்டு வாரம் கழித்து ஸ்பெயினின் ஹராமாவில் இருவரிடமும் 79. மறுபடி முதலிரண்டு இடங்கள். பிரான்ஸில், ஜெர்மனியில், ஆஸ்திரியாவில், நெதர்லாந்தில் என்று கருப்புத் தங்க வண்ண லோட்டஸ் வென்றது. 79 மட்டும் ஆறு பந்தயம். இத்தனைக்கும் அது குறையில்லாத கார் இல்லை. அடிக்காற்று தந்த விசையைத் தாங்கும் விறைப்பு அதன் உடற்கூட்டுக்குப் போதவில்லை.

ஒரே ஒரு நாள் ஓடிய விசிறி

பிராபம் அணியின் வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரேயின் சங்கடம் புரிகிறதல்லவா? அகன்ற ஆல்ஃபா எஞ்சினை வைத்துக்கொண்டு வெந்தூரிக் குழாய் கட்ட முடியாது. அவர் கேள்வியையே வேறு பக்கமாகத் திருப்பினார். வேண்டியது காரின் அடியில் குறைந்த அழுத்தம். காற்றை வேகமாக ஓடவிட்டுத்தான் அதைப் பெற வேண்டுமா? அடியிலுள்ள காற்றை உறிஞ்சியே எடுத்துவிட்டால்?

காரின் பின்னால் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார். எஞ்சினின் சுழற்சியே கியர்பெட்டி வழியாக அதையும் சுழற்றியது. சுற்றிலும் ஸ்கர்ட் அடைத்திருந்ததால் விசிறி அடிக்காற்றை வாரி வெளியே எறிந்தது. இந்த யோசனை முற்றிலும் புதிதல்ல. 1970-இல் அமெரிக்காவின் சாபரல் 2ஜே, பனிவண்டி எஞ்சினால் சுழன்ற இரண்டு விசிறிகளோடு கேன்-ஆம் பந்தயங்களில் ஓடி, தடைசெய்யப்பட்டது.

அசையும் காற்றியக்க உறுப்பு கூடாது என்ற விதி? மர்ரே ரேடியேட்டரை எஞ்சின் மேல் கிடையாக வைத்து, அந்த விசிறியே அதற்கும் காற்றிழுக்கும்படி செய்திருந்தார். விசிறியின் முதன்மை வேலை எஞ்சினைக் குளிர்விப்பது. கார் தரையோடு ஒட்டுவது உபரி பலன். எழுத்துப்படி விதி மீறப்படவில்லை. சோதனையின்போது பார்ப்பவர் கண்ணில் படாமலிருக்க, விசிறியைக் குப்பைத்தொட்டி மூடியால் மறைத்து வைத்தார்கள்.

அறிவியல் நோக்கில் இந்தக் கார் லோட்டஸைவிடச் சுவையானது. லோட்டஸின் பிடி வேகத்தைச் சார்ந்தது. வேகம் பாதியானால் விசை காலாகிவிடும். விசிறியின் பிடி எஞ்சின் சுழற்சியைச் சார்ந்தது; கார் எவ்வளவு மெதுவாகப் போனாலும் இருக்கும். நின்றிருக்கும் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே கார் தரையை நோக்கிக் குந்தியது. ஓட்டுநருக்குத்தான் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வளைவில் கார் நழுவுவதுபோல் இருந்தால் கால் தானாகவே மிதியிலிருந்து எழும். இந்தக் காரில் எழுந்தால் விசிறி தணியும், பிடி போகும். மிதித்தால்தான் பிழைக்கலாம்.

ஜூன் 17, ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப். பிராபமின் நிக்கி லாடாவும் ஜான் வாட்ஸனும் தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே நிறைய எரிபொருளைச் சுமந்து தங்கள் வேகத்தை மறைத்தார்கள். பந்தயத்தின் நடுவே ஒரு காரிலிருந்து சிந்திய எண்ணெய் பாதையை வழுவழுப்பாக்கியது. மற்றவர்கள் அஞ்சி மெதுவாக்க, லாடா அதன்மேலேயே சென்றார். ஆன்ட்ரெட்டியின் எஞ்சின் பழுதாகி நின்றது. லாடா அரை நிமிடத்துக்கும் மேல் முன்னிலையில் வென்றார். விசிறி பின்னால் வருபவர் மேல் கல்லையும் மண்ணையும் வாரி அடிக்கிறது என்று மற்ற ஓட்டுநர்கள் கொதித்தார்கள். வெற்றி நிலைத்தது, விசிறிக்காருக்கு அதுவே முதலும் கடைசியுமான பந்தயம். அணிகளின் சங்கத்தையும் நடத்திவந்த பிராபம் உரிமையாளர் பெர்னி எக்கல்ஸ்டன் காரை விலக்கிக்கொண்டார். விதியும் பின்னோடு இறுகியது.

மொன்ஸா

செப்டம்பர் 10, இத்தாலி. பட்டப் போட்டி இப்போது லோட்டஸ் வீட்டுக்குள்தான்: ஆன்ட்ரெட்டி 63 புள்ளி, பீட்டர்ஸன் 51. காலைப் பயிற்சியில் பீட்டர்ஸனின் 79 மோதிச் சேதமானதால், பந்தயத்துக்கு அவர் பழைய 78-இல் ஏறினார்.

முன்வரிசைக் கார்கள் நின்றுவிட்டன. பின்வரிசைக் கார்கள் இன்னும் உருண்டு வந்துகொண்டிருந்தன. அதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. உருண்டு வந்தவர்கள் வேகத்தோடு வந்து முன்னவர்களை நெருக்கினார்கள். முதல் திருப்பத்துக்கு முன் பாதையும் குறுகியது. பல கார்கள் மோதின. பீட்டர்ஸனின் கார் தடுப்பில் இடித்துத் தீப்பற்றியது. ஜேம்ஸ் ஹன்ட், க்ளே ரெகட்ஸோனி, தெபாயே ஆகிய சக ஓட்டுநர்கள் அவரை நெருப்பிலிருந்து இழுத்தெடுத்தார்கள். அவருக்குத் தீக்காயம் அதிகமில்லை. கால் எலும்புகள் பல இடங்களில் முறிந்திருந்தன.

மிலானில் அறுவை சிகிச்சை நடந்தது. இரவில் நிலைமை மோசமானது. நீண்ட எலும்புகள் முறியும்போது மஜ்ஜையிலுள்ள கொழுப்புத் துளிகள் இரத்தத்தில் கலந்து, நுரையீரல், மூளை, சிறுநீரகங்களின் நுண்குழாய்களை அடைத்துவிடக்கூடும். கொழுப்பு அடைப்பு என்று மருத்துவம் சொல்லும் இந்த ஆபத்தால் மறுநாள் காலை பீட்டர்ஸன் இறந்தார். வயது 34. அந்த ஆண்டுதான் ஃபார்முலா ஒன் மருத்துவராகச் சேர்ந்திருந்த சிட் வாட்கின்ஸை, விபத்து நடந்த இடத்துக்குப் போகவிடாமல் காவலர் வளையம் தடுத்திருந்தது. அதன்பின் முதல் சுற்று முழுவதும் பந்தயக் கார்களைப் பின்தொடர்ந்து ஒரு மருத்துவக் கார் ஓடும் வழக்கம் வந்தது. இன்றும் ஓடுகிறது.

முன்கூட்டியே கிளம்பியதற்காக ஆன்ட்ரெட்டிக்கு மறுதொடக்கத்தில் ஒரு நிமிடத் தண்டனை கிடைத்து, ஆறாமிடத்தில் ஒரு புள்ளி பெற்றார். பட்டம் 64 புள்ளிகளோடு அவருக்கு. 51 புள்ளிகளோடு பீட்டர்ஸன் இறந்த பின்னும் இரண்டாமிடத்தில் நின்றார்.

பிடி போகும் கணம்

பீட்டர்ஸனின் மரணத்துக்கு அடிக்காற்று காரணமில்லை. ஆனால் அடிக்காற்றுக்கென்று தனி அபாயம் உண்டு. நாம் போட்ட கணக்கிலேயே அது ஒளிந்திருக்கிறது. 200 மீட்டர் வளைவில் 240-இல் போகிறீர்கள். ஸ்கர்ட் ஒரு மேட்டில் இடித்து மேலே சிக்கிக்கொள்கிறது. வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. உங்கள் வரம்பு ஒரே கணத்தில் 250-லிருந்து 175-ஐ நோக்கிச் சரிகிறது. சாதாரணக் கார் வழுக்கும்முன் ஓட்டுநருக்குக் கொஞ்சம் எச்சரிக்கும். இந்தக் கார் எச்சரிக்காது.

இன்னொன்று, ஆட்டம். அழுத்தம் குறைந்தால் கார் தாழும். தாழ்ந்தால் இடைவெளி சுருங்கி விசை இன்னும் கூடும். மிகவும் சுருங்கினால் காற்று போக வழியில்லாமல் ஓட்டம் அறுந்து, விசை சட்டென விழும். சுருள்வில் காரை மேலே தூக்கும். ஓட்டம் மறுபடி தொடங்கும். கார் மறுபடி தாழும். 1979-இல் சாப்மன் ஸ்கர்ட்டை மூக்கிலிருந்து வால் வரை நீட்டி, இறக்கையே தேவையில்லை என்ற எண்ணத்தோடு கட்டிய லோட்டஸ் 80 இந்த ஆட்டத்திலேயே சிக்கியது. மூன்று பந்தயங்களோடு அதை மூட்டைகட்டினார்கள். நகரும் ஸ்கர்ட் 1981-இல் தடைசெய்யப்பட்டது. 1983 முதல் காரின் அடிப்பாகம் தட்டையாகவே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2022-இல் அடிக்குழாய்கள் திரும்பி வந்தபோது, கூடவே அதே ஆட்டமும் திரும்பி வந்தது.

1978-இல் ஒரு வழக்கும் நடந்தது. ஷேடோ அணியிலிருந்து பிரிந்துபோனவர்கள் தொடங்கிய ஆரோஸ், ஷேடோவின் கார் வரைபடங்களை நகலெடுத்துவிட்டது என்று லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து அந்தக் காரைத் தடைசெய்தது. ஆரோஸ் அவசரமாக வேறொரு கார் கட்டி ஆஸ்திரியாவில் இறக்கியது. வரைபடத்தைத் திருடினால் நீதிமன்றம் தடுக்கும். ஆனால் லோட்டஸ் 79-ஐ உற்றுப்பார்த்து, காற்றின் கணக்கைத் தானே போட்டுக்கொண்டவரை எந்த நீதிமன்றமும் தடுக்க முடியாது. பாத்ரிக் ஹெட் வடிவமைத்த வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ07, 79-ஐவிட விறைப்பான உடற்கூட்டோடு 1979-இல் வந்தது. 1980-இல் ஆலன் ஜோன்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்தது. அதிலும் எஞ்சின் அதே டிஎஃப்விதான்.

லோட்டஸ் 1979-இல் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. அதன் ஓட்டுநர் எவரும் அதன்பின் உலகப் பட்டம் பெறவில்லை. 1738 முதல் எல்லோருக்கும் திறந்திருந்த ஒரு விதியை மற்றவர்களுக்கு முன்னால் ஒழுங்காகப் படித்ததற்கு, இயற்கை ஓர் அணிக்குக் கொடுத்த ஒரு வருட முன்னிலைதான் 1978.